கை கொடுத்தால்தான் கூட்டம் முடியும்

குவேக்கர்களின் கூட்டத்துக்கு நான் முதன்முதலில் போனது காய்ச்சல் ஊசி போடத்தான்.

மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. ஈரமான படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் கொடுத்து, மறுபக்கத்தில் காய்ந்து மடிந்து வருவதை எடுத்து அடுக்குவது. மெஷின் போடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாருடனும் கதைக்க முடியாது. அதனால்தான் இத்தனை வருடமாக அந்த வேலையை விடாமல் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த ஐந்து வகுப்பிலும், பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லக் கூச்சப்பட்டு, வாங்குப் பலகையில் இருந்துகொண்டே வராதவனாகப் பதியப்பட்ட நாட்கள் நிறைய.

கூட வேலை செய்கிற ஒரு பெண், பக்கத்துத் தெருவில் ஞாயிறு காலை இலவசமாக ஊசி போடுகிறார்கள் என்று சைகையில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையைச் சைகையில் எப்படிச் சொன்னாள் என்று கேட்காதீர்கள். எனக்கு விளங்கியது. விளங்காமல் போனது எத்தனையாவது மாடி என்பதுதான்.

மேல் மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் வயதானவர்கள், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நித்திரை. ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காண்கிற காட்சிதான். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

யாரையும் கூப்பிடவில்லை. நர்ஸ் வரவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒரு கிழவி எழும்பி நின்று, மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தாமதத்தைப் பற்றி முறைப்பாடு செய்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதுவும் ஆஸ்பத்திரி வழக்கம்தான். கடைசியில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கை கொடுத்தார். உடனே எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். கோப்பியும் பிஸ்கெட்டும் வந்தன. இரத்தம் எடுத்த பிறகுதான் பிஸ்கெட் தருவார்கள். ஊசி போடாமலே தருகிறார்களே, நல்ல சனம் என்று சாப்பிட்டுவிட்டு, கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஊசி எங்கே என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். அதுவும் ஊசிக்காகத்தான். அந்த முறை என் எதிரே இருந்த ஒரு பெரியவரும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அவருக்கு வெக்கையாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறுதான் இது குவேக்கர்கள் என்கிற ஒரு வகைக் கிறிஸ்தவச் சபை என்று விளங்கியது. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, சிலுவைகூட இல்லை. ஒருவரை ஒருவர் நண்பர் என்று சொல்வார்கள். ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பார்கள். யாருக்காவது உள்ளுக்குள் ஏதாவது தோன்றினால் எழும்பிச் சொல்லலாம். சொன்னதற்கு மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது. மறுத்துப் பேசக் கூடாது. அதை மனதில் வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். ஊசியை ஒரு மருந்துக்கடையில் போட்டுக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவதை நிறுத்தவில்லை.

ஏனென்றால் இந்த மொன்றியலில் என்னைக் கதைக்கச் சொல்லாத இடம் அது ஒன்றுதான். கலியாண வீட்டுக்குப் போனால், "என்ன அண்ணை, வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?" என்பார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால், "அண்ணை ஒரு வார்த்தை கதைக்கட்டும், பேந்து சோறு போடுவம்" என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே நான் சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பதற்கு நன்றி சொல்லிக் கை கொடுக்கிறார்கள்.

என் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை.

"பேசாமல் இருக்கிறதுக்கு ஒரு கோயிலோ? அதுக்கு மெட்ரோ ஏறிப் போகோணுமோ? வீட்டில இருந்து பேசாமல் இருக்கலாம்தானே?"

"வீட்டில நீர் இருக்கிறீர்" என்றேன்.

அவள் ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் குழந்தைகளோடு பிரெஞ்சில் கதைத்துவிட்டு, மிச்சத்தை மாலையில் தமிழில் என்னோடு கதைப்பாள். கெட்டவள் இல்லை. நல்லவள், சத்தமாக நல்லவள்.

அப்படியே சில வருடங்கள் போயின. எனக்கு வந்த வில்லங்கம், கூட்டத்தை முடித்துவைக்கிற கிழவர் இடுப்பு எலும்பு மாற்றப் போனதால் வந்தது.

முடித்துவைப்பது என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. மணி அடிப்பதில்லை, ஆமென் சொல்வதில்லை. அதற்கென்று பொறுப்பான ஒருவர், நேரம் வந்தது என்று உணரும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்பார். அதைப் பார்த்து எல்லோரும் கை கொடுப்பார்கள். கூட்டம் முடிந்தது. அவர் கை கொடுக்காவிட்டால் கூட்டம் முடியாது. அந்த வசந்த காலத்தில் எங்கள் பகுதிச் சபைகளெல்லாம் ஒன்றுகூடும் நாள் மொன்றியலில் நடக்க இருந்தது. ஒட்டாவாவிலிருந்து வருவார்கள், எல்லைப்பக்கப் பண்ணைகளிலிருந்து வருவார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வெர்மொண்டிலிருந்தும் வருவார்கள். அன்றைக்குக் கை கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை, மௌனம் முடிந்த பிறகு, சபையின் காரியங்களைப் பேசித் தீர்மானிப்பார்கள். அதை நடத்துகிறவரைக் கிளார்க் என்று சொல்வார்கள். எங்கள் கிளார்க் மெலிந்த, உயரமான அம்மா. ஓய்வுபெற்ற நூலகர். அவர்களுக்குள் வாக்கெடுப்பு கிடையாது. கை உயர்த்துவது கிடையாது. கிளார்க் ஒரு தீர்மானத்தை எழுதி வாசிப்பார். "யாருக்காவது மனம் ஒப்பவில்லையா?" என்று கேட்பார். ஒரே ஓர் ஆள் மனம் ஒப்பவில்லை என்றாலும் காரியம் அங்கேயே நிற்கும். எல்லோரும் பேசாமல் இருந்தால் அது சம்மதம்.

அன்றைக்கு அவர் வாசித்தார். "நம் நண்பர், மௌனத்தில் நம் எல்லோரையும்விட ஆழமாக இருப்பவர், இந்தப் பொறுப்பை ஏற்பார் என்று நம்புகிறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாருக்காவது மனம் ஒப்பவில்லையா?"

எனக்குத்தான் ஒப்பவில்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டும். இந்தச் சபையில் நான் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. "வேண்டாம், நன்றி, நான் கூச்ச சுபாவம்" என்பதை மனதுக்குள் தமிழில் கட்டி, ஆங்கிலத்துக்கு மாற்றி, பிழை பார்த்து, "கூச்சத்துக்கு" ஆங்கிலம் என்ன என்று யோசித்து, அது கிடைத்து நான் நிமிரும்போது அவர்கள் வாசல் படியில் பனி உருக உப்புப் போடுவது பற்றிய தீர்மானத்தில் இருந்தார்கள். கதைக்கக் கூச்சப்படுகிறவனைக் கதைக்காததாலேயே நியமித்துவிட்டார்கள்.

கிளார்க் பிறகு என் அருகில் வந்து, "கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். உள்ளே தெரியும்" என்றார். எனக்கு அந்த நேரத்தில் உள்ளே தெரிவது பசி ஒன்றுதான்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்து, சிரித்து, கடைசியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆழமோ? ஆர், நீங்களோ? ஐயோ, அந்தச் சனத்துக்கு விசர். அது ஆழமில்லை, நித்திரை."

அவளுடைய தம்பி, என் மைத்துனன், சோபாவில் படுத்திருந்தான். வில்லரேயில் எங்களுக்கு மேல் வீட்டில்தான் குடியிருக்கிறான். சாப்பாட்டு நேரத்துக்கு மணம் பிடித்து இறங்கி வருவான். "அத்தான் சாமியார் ஆகிட்டார். அக்கா, காவி வேட்டி ஒண்டு வாங்கு" என்றான்.

"ஆர் உங்களை இதுக்குக் கேட்டது? உந்தக் கிளாக்கர் மனிசிக்கு என்ன சம்பளம்? பென்சன் இருக்கோ?" என்றாள் மனைவி.

"சம்பளம் இல்லை."

"சம்பளம் இல்லாத கிளாக்கர், கதைக்காத பூசாரி. நல்ல கோயில்."

சிரித்து முடித்த பிறகு, பழகலாம் என்று தானே கையை நீட்டினாள். "பிடியுங்கோ. பிடிச்சுக் குலுக்குங்கோ."

"வெக்கமா இருக்கு."

"என்னோட என்ன வெக்கம்? ரெண்டு பிள்ளை பெத்தாச்சு."

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் கலியாணமாகி இத்தனை காலத்தில் நாங்கள் ஒருவருக்கு ஒருவர் கை கொடுத்ததே இல்லை. எந்தத் தமிழன் மனைவிக்குக் கை கொடுக்கிறான்? என்னால் முடியவில்லை. அவள் கையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு மைத்துனனோடு பழகினேன். "அத்தான், உது கை குடுக்கிறதோ, ஈரத்துணி பிழியிறதோ?" என்று கையை உதறினான். கடைசியில் பிரிட்ஜின் கைப்பிடியோடு பழகினேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை குலுக்குவேன். அது என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. ஒன்றுகூடலுக்கு என்ன சாப்பாடு என்று மனைவி கேட்டாள். சூப்பும் பாண் ரொட்டியும் என்றேன்.

"வெளியூரில இருந்து வாற சனத்துக்குச் சூப்பும் பாணுமோ? என்ர மனுசன் பூசாரியா இருக்கிற இடத்தில? நாளைக்கு என்னை என்ன நினைப்பினம்?"

அவர்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. தானே கிளார்க்குக்கு போன் எடுத்து, ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து அரை மணித்தியாலம் கதைத்து, இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் தேங்காய்ச் சம்பலும் என்று முடிவாக்கிவிட்டாள். போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பாவம், அந்த மனிசி ஒண்டும் கதைக்குதில்லை. உங்களை மாதிரி."

அன்று காலை மைத்துனனின் வான் வண்டியில் இடியப்பத் தட்டுகளும் பெரிய அண்டாவும் ஏறின. மண்டபத்தின் கீழ்த்தளத்தில் குசினி. மனைவி உள்ளே நுழைந்ததும் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, பாத்திரம் கழுவும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பிறகுதான் குளிர்கோட்டைக் கழற்றினாள். நான் மேலே போகத் திரும்பியபோது அகப்பையால் என்னை மறித்தாள்.

"இஞ்சேருங்கோ. வடிவாக் கேளுங்கோ. பன்னிரண்டு மணிக்கு நான் சொதிக்குக் கடைசியா முதற்பால் விட்டு இறக்குவன். விட்டால் விட்டதுதான். பேந்து சூடாக்கேலாது, திரைஞ்சு தண்ணி வேற, பால் வேறயாப் போயிடும். நீங்கள் பன்னிரண்டுக்கு டக்கெண்டு கை குடுத்துப் போடோணும். விளங்குதோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு."

"என்ன செய்வீங்கள்?"

"கை."

"ஆ. போங்கோ."

மேலே நாற்காலிகள் இரண்டு மூன்று வட்டமாக நிறைந்திருந்தன. எனக்கென்று வைத்த நாற்காலி உள் வட்டத்தில் இருந்தது. இடப்பக்கத்து நாற்காலி, பிந்தி வருகிறவர்களுக்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது. வலப்பக்கத்தில் எல்லைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பண்ணைக்காரர். மலை மாதிரி ஆள். உட்கார்ந்ததும் எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தன் இரண்டு கக்கத்துக்குள்ளும் செருகிக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு சீராக வரத் தொடங்கியது. அது தியானமா நித்திரையா என்று அந்தச் சபையில் யாராலும் சொல்ல முடியாது.

நான் இந்தக் காரியத்தில் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கை வியர்த்தால் துடைக்கக் கைக்குட்டை வைத்திருந்தேன். பக்கத்தில் பிடிக்கக் கை இருக்காது என்பதை யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணியும் ஆனது. என் கை முழங்காலிலிருந்து கொஞ்சம் உயர்ந்து, அவருடைய கக்கத்தைப் பார்த்தது, திரும்ப முழங்காலுக்கு வந்தது. நித்திரையில் இருக்கிற ஓர் அந்நிய மனிதரின் கக்கத்துக்குள் கை விட்டுக் கையை எடுப்பது எப்படி? பிரிட்ஜ் அதைச் சொல்லித் தரவில்லை. தோளைத் தட்டலாம். எழுப்பலாம். மற்றவர்கள் செய்வார்கள். என்னால் பஸ்ஸில் மணி அடிக்கவே ஏலாது. வேறு யாராவது அடிக்கும்வரை இருந்து, அவர்கள் இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரும்பக் கையைத் தூக்கும்போது ஒட்டாவாவிலிருந்து வந்த ஓர் அம்மா எழும்பி நின்றார். வசந்தத்தில் வாத்துகள் திரும்பி வருவதைப் பற்றிச் சொன்னார். ஒருவர் பேசியவுடன் கை கொடுத்துக் கூட்டத்தை முடித்தால், அது அவருடைய வாயைப் பொத்துவது மாதிரி. கொஞ்ச நேரம் விட வேண்டும். விட்டேன். பிறகு கையைத் தூக்கினேன். வெர்மொண்டுக்காரர் ஒருவர் எழும்பினார். காத்திருத்தல் பற்றிச் சொன்னார். இவ்வளவு நீளமான மௌனத்தில் தான் இருந்ததே இல்லை என்றும், யாரோ நம்மை இதற்குள் பொறுமையாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்றும் சொன்னபோது பலர் தலையசைத்தார்கள். அந்த யாரோ, கக்கத்தைப் பார்த்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து மணம் வந்தது. வெந்தயம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பால். அவள் பாலை விட்டுவிட்டாள்.

வட்டத்தின் ஒரு பக்கத்தில் ஒரு வயிறு கூவியது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வயிறு பதில் சொன்னது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லக் கூடாது என்கிற ஒழுங்கு வயிறுகளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்த மௌனக் கூட்டம், தவளைக் குளம்போல ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கண் திறக்கவும் இல்லை. எல்லோரும் நான் உணர வேண்டியதை நான் உணரும்வரை காத்திருந்தார்கள்.

கதவிடுக்கில் மைத்துனனின் தலை தெரிந்தது. மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். வானை நிறுத்திய இடத்தில் நேரம் முடிகிறது என்று ஸ்டியரிங் பிடிப்பதுபோலவும், பொலிஸ்காரன் எழுதுவதுபோலவும் நடித்துக் காட்டினான். நான் கண்ணால் கெஞ்சினேன். தலை மறைந்தது. கீழே ஒரு சட்டி மூடி விழுந்து, உருண்டு, உருண்டு, நெடுநேரம் உருண்டு நின்றது. அதற்குப் பிறகு படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இருபது வருடத்துக்கு மேலாக எனக்குப் பழக்கமான காலடி.

மனைவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். சேலைக்கு மேல் ஏப்ரன். கையில் அகப்பை. நேரே வட்டத்தின் நடுவுக்கு வந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, என்னிடம் நின்றாள்.

"இஞ்சேருங்கோ! சொதி ஆறுது! திரும்பச் சூடாக்கினால் திரைஞ்சு போகும்! எழும்புங்கோ!"

யாரும் அசையவில்லை.

ஒருவர் எழும்பி நின்று சொல்கிறார் என்றால் அது உள்ளிருந்து வருகிறது. எந்த மொழியில் வந்தாலும் அப்படித்தான். சபை முழுவதும் இன்னும் கொஞ்சம் தலை குனிந்தது. கிளார்க் கண்களை இறுக மூடி, கையை நெஞ்சில் வைத்தார். வாத்துகளைப் பற்றிப் பேசிய அம்மா ஆழமாக ஒரு மூச்சு விட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். வாழ்க்கையில் அவள் ஒன்றைச் சொல்லி, அதற்கு யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பாலர் நிலையத்தில் குழந்தைகள் அழவாவது செய்யும்.

"கேக்குதோ?" என்றாள், குரல் இறங்கி.

மௌனம்.

அவள் மெல்ல நடந்து வந்து, என் இடப்பக்கத்து வெறும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அகப்பையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவளும் பேசாமல் இருந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். கோபம் இல்லை. கண் கலங்கியிருந்தது. விடிய முன் எழும்பி இடியப்பம் பிழிந்தவள். முன்பின் தெரியாத சனம், என் சனம் என்று அவள் நினைத்த சனம், பச்சைத்தண்ணி மாதிரி ஆறிய சொதியைக் குடிக்கப் போகிறது. இவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைக்கப் போகிறது. அதைத் தடுக்கக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான் அந்த மண்டபத்தில் இருந்தது. அது என் முழங்காலில் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தது.

கையை நீட்டினேன். அவளுடைய வலது கையில் அகப்பை இருந்தது. அவள் அதை விடவில்லை. நானும் நிற்கவில்லை. நின்றால் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். கையையும் அகப்பையையும் சேர்த்துப் பிடித்து, பிரிட்ஜைக் குலுக்கின மாதிரி நன்றாகக் குலுக்கினேன்.

அகப்பையில் மிச்சமிருந்த சொதி பறந்து போய்ப் பண்ணைக்காரரின் மொட்டைத் தலையில் விழுந்தது. அவர் கண் விழித்தார். இரண்டு கைகளையும் கக்கத்திலிருந்து எடுத்தார். ஒன்றால் தலையைத் துடைத்துக்கொண்டு, மற்றதை எனக்கு நீட்டி, "காலை வணக்கம், நண்பரே" என்றார். மண்டபம் முழுவதும் கை கொடுத்தது.

"இப்ப குடுக்கிறீங்கள்" என்றாள் மனைவி. "வெக்கம் எண்டீங்கள்."

கீழே போனால், அங்கே மைத்துனன் அடுப்பை மூட்டிவிட்டு நிற்கிறான். அக்கா மேலே போன இடைவெளியில் உதவி செய்திருக்கிறான். அண்டாவில் தண்ணி வேறாக, பால் வேறாகத் திரண்டு கிடந்தது.

"எடேய், ஆர் உன்னைச் சூடாக்கச் சொன்னது?"

"ஆறுது ஆறுது எண்டு நீதானே அக்கா கத்தினாய்? கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது."

அவள் அண்டாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் சனம் தட்டோடு வரிசையில் வந்துவிட்டது. வேறு வழியில்லை. ஊற்றினாள். சொதி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் முறை வந்தார்கள். பண்ணைக்காரர் இடியப்பத்தைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, சொதியைக் கோப்பிக் கோப்பையில் வாங்கிச் சூப் மாதிரிக் குடித்தார். தலையில் விழுந்ததைவிட இது சூடாக இருக்கிறது என்று பாராட்டினார்.

"நல்லா இருக்காமே" என்றேன்.

"அவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள். ஆனாலும் மூன்றாம் முறை வந்தவருக்கு அவள் அடியிலிருந்து கலக்கித்தான் ஊற்றினாள்.

கிளார்க் தட்டோடு என்னிடம் வந்தார். உங்கள் மனைவி மேலே சொன்ன செய்தியின் பொருள் என்ன, எல்லோரும் கேட்கிறார்கள் என்றார். சுற்றி நின்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். தப்ப வழியில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல் சொல்லாக எடுத்துவைத்தேன்.

"ஆறிப்போகிறது. திரும்பச் சூடாக்கினால் முறிந்துபோகும். எழும்புங்கள்."

கிளார்க் கண்ணை மூடினார். வெர்மொண்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார். சொதியைப் பற்றித்தான் சொன்னாள் என்று மேற்கொண்டு சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னிடம் இருந்த சொற்கள் முடிந்துவிட்டன. அடுத்த மாதம் ஒட்டாவாவிலிருந்து வந்த ஒருவர், அந்த வாக்கியத்தை வைத்து அங்கே இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. மைத்துனன் பயந்துபோய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னாள்: "ஒரு கதை சொல்லி முடிக்க ஒருத்தரும் குறுக்கை விழேல்லை. என்ர சீவியத்தில நடக்காத காரியம். உங்கட ஆக்கள் நல்ல ஆக்கள்தான்."

அடுத்த ஞாயிறு என்னோடு வெளிக்கிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவும் கதைக்க வேண்டுமே.

அந்த மாதக் காரியக் கூட்டத்தில் கிளார்க் புதிய தீர்மானம் ஒன்றை வாசித்தார். அன்றைய மௌனத்தைப் போல ஒன்றை எங்கள் பகுதியில் யாரும் கண்டதில்லையாம். இடுப்பு எலும்பு மாற்றிய கிழவர் ஓய்வெடுக்க விரும்புகிறாராம். ஆகவே நம் நண்பர் இனி ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பொறுப்பைத் தொடர்ந்து செய்வார்.

"யாருக்காவது மனம் ஒப்பவில்லையா?"

மறுபடியும் அந்த மௌனம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கக்கம். ஒவ்வொரு ஞாயிறும் வியர்வை. எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரு மணித்தியாலம் போகப் போகிறது. கிளார்க்கின் பேனா தாளுக்கு அருகில் போனது. நான் எழும்பி நின்றேன். போன தடவை கட்டிவைத்த வாக்கியம் அப்படியே உள்ளே கிடந்தது, மடித்த விரிப்பு மாதிரி. அதை எடுத்து விரித்தேன்.

"வேண்டாம். நன்றி. நான் கூச்ச சுபாவம்."

உட்கார்ந்தேன். அவர்கள் வழக்கப்படி அதை மனதில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நண்பரே, இத்தனை வருடமாக நாங்கள் அதை ஆழம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்."

முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோருக்கும். எதிரே இருந்த பெரியவர், முன்பு சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தவர், நான் ஏன் அப்படி மடித்திருந்தேன் என்று இப்போது கேட்கலாமா என்றார். ஊசி என்றேன். அன்றைக்கு மட்டும் அந்தச் சபையில் நான் மூன்று தடவை கதைத்தேன். மூன்றாவது, ஊசி போட்டாச்சா என்று அவர் கேட்டதற்கு.

தீர்மானம் அங்கேயே நின்றது. அப்படியானால் யார் என்று கிளார்க் கேட்டார். வழக்கமான மௌனம் தொடங்கும் முன்பே மனைவி கையைத் தூக்கிவிட்டாள். அந்தச் சபையில் கை தூக்குவதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்கும் மனம் ஒப்பாமல் போகவும் இல்லை.

இப்போது அவள்தான் கை கொடுக்கிறாள். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். அந்த ஒரு மணித்தியாலம் அவள் வாய் திறப்பதில்லை. சேர்த்துவைத்ததைத் திரும்பி வரும்போது மெட்ரோவில் சொல்வாள். கூட்டம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. கீழே சொதி இருக்கிற நாட்களில் கொஞ்சம் முன்பே முடிகிறது.